மூன்றாம் கண்ணாடி

மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்குகையில்
பத்தொன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
ஒரே கம்பத்தில் மூன்று குவியாடிகள்.
முதலாவது வெறும் கண்ணாடி.
இரண்டாவதில் காருக்குப் பூசும் மெழுகு.
மூன்றாவது என்னுடையது.

என்னுடையது என்றால்,
எல்லநள்ளி ஷெட்டில், வெற்றிடக் கலத்துக்குள்
டைட்டானியத்தை ஆவியாக்கிப் படியவிட்டது.
கனம் நூற்றிருபது நானோமீட்டர்.
ஒரு தலைமுடியை ஐந்நூறு ஏடாய் உரித்தால்
அதில் ஓர் ஏடு.
நிறத்தை வைத்துத்தான் அளப்போம்:
பொன் என்றால் போதாது,
நீலம் என்றால் நிறுத்து,
பச்சைக்குப் போய்விட்டால் கழிவு.
சாயம் ஒரு சொட்டும் இல்லை.
நீலமலை என்கிறோமே, அதுபோல.
கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“அந்த நீலத்தை எடுத்துவிட முடியாதா,
வாங்குகிறவன் பழுது என்று நினைப்பான்”
என்றார் விற்பனைப் பிரிவு ஃபிரெடரிக்.
எடுக்கலாம் சார்,
கூடவே அது செய்யும் வேலையும் போகும்.

பனி வருவதை எதுவும் தடுப்பதில்லை.
வெறும் கண்ணாடியில் முத்து முத்தாய் உட்கார்ந்து
குருடாக்குகிறது.
மெழுகில் பாதி உருள்கிறது, பாதி நிற்கிறது.
மூன்றாவதில் உட்கார வழியில்லை,
படுத்துவிடுகிறது.
படுத்த நீர் வழியே பார்க்கலாம்.
ஒன்றே ஒன்றுதான் வேண்டும் அதற்கு: வெயில்.
ஐப்பசி மஞ்சூரில் வெயில் கேட்கிறேன் நான்.

ஆயுத பூசையன்று மூன்றுக்கும்
சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டிருந்தார்
ஏழு மணி பஸ் டிரைவர் ஹாலன்.
துடைத்தேன். எண்ணெய் போகவில்லை.
மறுநாள் பனியில் மூன்றாவது முழுக்கத் தெளிவு,
நடுவில் மட்டும் பெருவிரல் அளவு வெள்ளை.
அறிக்கையில் எழுதினேன்:
குறை, பதினெட்டு மில்லிமீட்டர்.
காரணம், பக்தி.

சண்டைக்குத்தான் போனேன் அவரிடம்.
“இதுலதாம்மா போன வாரம் ஆனை தெரிஞ்சுது.”
எத்தனை மணிக்கு? எந்தக் கண்ணாடியில்?
ஈரப்பதம் எவ்வளவு இருந்திருக்கும்?
“ஆனை நின்னுச்சும்மா. நானும் நின்னேன்.”
என் அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.

கார்த்திகையில் பதினைந்து மில்லிமீட்டர்.
தையில் நாலு நாள் வெயில் காய்ந்ததும் ஒன்பது.
பகலெல்லாம் படலம்
சந்தன எண்ணெயைத் தின்றுகொண்டிருந்தது,
யாரும் கவனிக்காத வேகத்தில்.
மாசியில் வெர்னியரோடு ஏணியில் ஏறினால்
அளக்க ஒன்றுமே இல்லை.

கீழே ஹார்ன்.
திரும்பாமலே கண்ணாடியில் பார்த்தேன்:
சன்னலுக்கு வெளியே தலைநீட்டி ஹாலன்,
“போயிடுச்சா?”
ம், என்றேன்.
“அடுத்த பூசைக்குக் கம்பத்துல வெச்சுக்கறேன்.”

பஸ் இருபதாம் வளைவுக்குள் போனது.
கம்பத்தைப் பார்த்தேன். அடியிலிருந்து துரு.
அதற்கும் எதையாவது பூச வேண்டும்.