எடுத்தல்

நட்டு போல்ட்டுக் கடைக்கு மேலே,
படி பதினேழு.
ஏறி முடித்ததும் அவர் கேட்டது தண்ணீர்.
பிறகுதான் கைப்பையைத் திறந்து
வெந்தய டப்பாவுக்குள்ளிருந்த கேசட்டை மேசையில் வைத்தார்.
"பழங்காநத்தம் முக்கு மேடை. தொண்ணூத்தியொண்ணு பங்குனி.
குரல எடுத்துடணும். முடியுமா?"
முடியும் என்றேன்.
ரசீதில் எழுதினேன்:
ஜெசிந்தா, ஞானஒளிவுபுரம்.
குரல் எடுத்தல், ஒன்று.

மூன்று இரவு.
பகலில் கீழே இரும்புச் சட்டம் அறுப்பார்கள்.
கீழமாசி வீதியில் பின்வாங்குகிற லாரி ஒவ்வொன்றும்
ஒரு மெட்டு வாசித்துக்கொண்டே பின்வாங்கும்.
பதினோரு மணிக்கு மேல்தான் காது எனக்குச் சொந்தம்.

நாடா ஒட்டிக் கிடந்தது.
பென்சில் கொடுத்துச் சுற்றி, பூஞ்சை துடைத்து
கணினியில் இறக்கினேன்.
சத்தம் திரையில் நிறமாக விரிந்தது:
அடியில் டோலக், அடுக்கிய செங்கல்.
அதன்மேல் கீபோர்டு, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு.
இடையில் அவர் குரல்
ஒரு கோடு, அதற்கு மேல் அதன் நிழல்,
அதற்கும் மேல் நிழலின் நிழல்;
கமகம் வருமிடத்தில் எல்லாம் ஒன்றாக நெளியும்.

பிரிக்கச் சொன்னால்
மென்பொருள் பிரிக்கிறது, அதன் அறிவுக்கு.
குரல் என்று அது கொண்டுவந்த தட்டில்
கோயிலுக்குள் யாரோ ஊதிய நாகசுரமும்
கூடவே வந்து உட்கார்ந்திருந்தது.
அது குரலில்லை என்று யார் அதற்குச் சொல்ல?
எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.
பல்லவி நடுவே
"டிவிஎஸ் ஐம்பது வண்டிய எடுங்கப்பா, சாமி வருது."
ஐஸ் வண்டி மணி டோலக்கோடு போய்விட்டது.

கட்டம் கட்டமாகக் கையால் அழித்தேன்.
அயிரையைச் சட்டியில் உரசி உரசி
மண் போகக் கழுவுகிற வேலை.
கொஞ்சம் அழுத்தினால் மீனே இருக்காது.

மூன்றாம் இரவு இரண்டரைக்கு
குரல் தனியாக நின்றது.
மேளமில்லை, கூட்டமில்லை,
ஜெனரேட்டர் இரைச்சல்கூட இல்லை.
எடுப்புக்கு முந்தைய மூச்சு.
எச்சில் விழுங்கும் ஓசை.
இரண்டாம் சரணத்தில் ஓரிடத்தில்
சுருதி ஒரு நூல் இறங்கி
தானே தெரிந்துகொண்டு ஏறியது.
அந்த இடத்தை நான்கு முறை கேட்டேன்.
ஐந்தாவதற்குள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வந்தார்.
ஹெட்போன் மாட்டிவிட்டேன்.
ஒரு நிமிடம் கேட்டார்.
கழற்றி, சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல்
கீழே வைத்தார்.
"தம்பி, எடுத்துடணும்னுல சொன்னேன்?"
"எடுத்துட்டேனேக்கா."
"இத எடுத்துட்டு மத்தத வைக்கணும்யா.
மாணிக்கவேலு டோலக் இருக்கணும்.
ஷாஜகான் கீபோர்டு இருக்கணும்.
ரெண்டு பேர்ட்டயும் அன்னிக்கு ஒரு பிசகு கெடையாது.
நாந்தான் ரெண்டாஞ் சரணத்துல விழுந்தேன்.
முப்பத்திநாலு வருசமா இந்தா, இங்கிட்டு..."
காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார்.
"இடறுது. திரும்பப் பாடணும்."

எடு.
இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
படமும் எடுக்கிறோம், பல்லும் எடுக்கிறோம்.
ரசீதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒதுக்கிப் போட்டிருந்த மிச்சத்தை ஓடவிட்டேன்.
டோலக் வந்தது. கீபோர்டு வந்தது. ஐஸ் மணி.
குரல் போன இடத்தில்
குரல் முழுதாகப் போயிருக்கவில்லை.
எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய பங்கு
மென்பொருளுக்குக் குரலாகத் தெரியவில்லை போல.
சொல் உதிர்ந்து, ஈரத்துணி உதறும் சத்தமாக
ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அது வந்தது.

"இதையும் எடுத்துடவா?"
வாயில் வந்துவிட்டது.
அவர் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.
"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒரு கட்டை குறைத்துத் தரவா என்றேன். முறைத்தார்.

பாடினார்.
மேலே போகுமிடத்தில் குரலில் மணல் இருந்தது.
இரண்டாம் சரணம்.
அந்த இடத்தில் இறங்கவில்லை.
அதற்கு அடுத்த வரியில் இறங்கியது.
கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார்:
மறுபடி.

கீழே ஒரு லாரி
பின்வாங்க ஆரம்பித்தது.