தொண்ணூற்றேழு

கத்திரி வெயில், பத்தாம் நாள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது,
சரக்கு ரயில் நகர்வதாயில்லை.
கடைக்குள்
வருமானச் சான்றிதழுக்கு ஏழு பேர்.
திரையில் அம்புக்குறி தவழ்கிறது.

"வைரஸா இருக்கும்" என்கிறார் ஒருவர்.
உஷ்ணக் கணக்கைத் திறந்தேன்:
தொண்ணூற்றேழு.

சும்மா கிடந்தால் நாற்பத்தைந்து,
வேலை ஏறினால் எழுபது, எண்பதுகூட
ப்ராசஸருக்குச் சாதாரணம்.
நமக்குத்தான் முப்பத்தொன்பதிலேயே
கஞ்சி, ஈரத்துணி, பினாத்தல்.
நூறை நெருங்கினால்
அதுவாகவே நடையைக் குறைத்துக்கொள்ளும்,
யாரையும் கேட்காது.

அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறி இறக்கைகளில்
எண்ணூர்ச் சாம்பலும் கடலுப்பும்
கம்பளியாய்.
பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி,
காய்ந்து வெடித்த பசையைத் துடைத்து,
புதுசு ஒரு பட்டாணி அளவு வைத்து
அழுத்தித் திருகினேன்.

அறுபத்தெட்டு.
வரிசை நகர்ந்தது.

ஏழாவதாக பிலோமினா,
கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதுகிறவள்.
தகரக் கொட்டகையில் மயங்கி விழுந்த மதியத்துக்கு
அரைநாள் சம்பளம் பிடித்துவிட்டார்களாம்.
"இது ஸ்லோ ஆனா மட்டும்
தொறந்து தொடைக்கிறீங்க"
சிரித்தபடிதான் சொன்னாள்,
ஆதாரை நீட்டிக்கொண்டே.
அட்டை சுட்டது.