நூறுக்கு மேல்

மூன்றரைக்கு எழுந்து
வெளியே பூட்டுகிறேன்.
தீப்பிடித்தால் என்று ஒருநாள்
பூட்டாமல் போய்
பாதி ஏற்றத்தில் திரும்பி வந்து
பூட்டினேன்.

ஷைஜாவின் பழைய போன் தலையணையோரம்.
என்னுடையது சட்டைப்பையில்.
அழைப்பைத் துண்டிப்பதில்லை.

கடையாலுமூட்டுச் சரிவில்
தலைவிளக்கு வட்டத்துக்குள்
ஒவ்வொரு ரப்பர் மரமாக வருகிறது.
ஒரு காதில் சிரட்டையில் பால் சொட்டுவது,
மறுகாதில் ஜெர்லினின் மூச்சு.
சளி கொஞ்சம் குறைந்திருக்கிறது.
மஸ்கட் ஆஸ்பத்திரியில் அவள் அம்மா
யார் பிள்ளைக்கோ
காய்ச்சல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நூற்றாறாவது மரத்தில்
மூச்சு கேட்கவில்லை.
கத்தி பட்டையைத் தாண்டி
தடிக்குள் இறங்கிற்று.

"அப்பா, எத்தனாவது மரம்?"

"எரநூறு தாண்டியாச்சு மக்களே. ஒறங்கு."

அவளுக்கு நூறு வரைதான்
எண்ணத் தெரியும்.
அதற்கு மேல்
நான் சொல்வதுதான் கணக்கு.