பாதிப் பாட்டில்

நானூறு வாட்ஸ் என்கிறார் சகுபர்,
லேலண்டு இன்ஜினையே அமுக்கிவிடுமாம்.
எங்கள் போட்டில் இரண்டே பேட்டரி.
விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் போக
மிச்சத்தில்தான் பாட்டு.

எமரிட்டுக்கு நெஞ்சில் இடிக்கணும்.
ஐந்நூறு போடுகிறான், பேசட்டும்.

சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கையில் எடுத்து
மூடியைக் கழற்றச் சொன்னேன்.
போன வருடத்துப் பெட்டிக்குள்
செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.
இதில் பலகை முழுக்க அரக்கு, பரவாயில்லை.

பிறகு கேட்டேன்:
பாதிப் பாட்டில் அமர்த்தினால்
உடனே அடங்குமா, இழுக்குமா?

சகுபர் சிரிக்கவில்லை.
தங்கச்சிமடத்து ஆள்கள் எல்லோரும்
கடைசியில் இதைத்தான் கேட்கிறார்களாம்.

தீடை தாண்டிய இருட்டில்
இன்னொரு இன்ஜின் வந்தால்
கண்ணுக்கு முன்னே காதுக்குத்தான் தெரியும்.

சுவிட்சை நாலு தரம் தட்டிப் பார்த்தேன்.
வயருக்குத் தனிக் காசு என்றார்.