முப்பத்தேழாவது தவணை

வல்பராய்சோவில் விலைச்சீட்டுகள் பாதிதான் பேசும்.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பெசோ
என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருக்கும்.
முப்பத்தாறு மாதம் என்பதை
எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள்.
ஒஸ்வால்தோவுக்குக் கண்ணாடி கிடையாது.
எனக்கு இருந்தது; நான் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய டிவி. சுவர் சின்னதாகிப்போனது.
ஆட்டம் பார்க்க மேட்டுத் தெருவே வந்து உட்கார்ந்தது,
பீர் எங்களுடையது, அதுவும் அட்டையில்,
ஆறு தவணை.
குடித்து முடித்த பீருக்கு
ஆறு மாதம் பணம் கட்டியிருக்கிறீர்களா?
கடைசித் தவணையில்தான் போதை தெளியும்.

பதினான்காம் தவணையில் அவன் போனான்,
வடக்கே செம்புச் சுரங்கத்துக்கு என்று சொல்லி.
பத்தொன்பதில் நிலம் குலுங்கியது.
ஒரு நிமிடம்கூட இருக்காது.
தட்டுகள் தப்பின, மாதா படம் தப்பியது,
டிவி மட்டும் குப்புற விழுந்தது.
மீதிப் பதினேழு தவணைக்கு
ஒரு கீறல்கூட இல்லை.

அன்றுதான் நோட்டு வாங்கினேன். கோடு போட்டது, நூறு பக்கம்.
ரொக்கம் கொடுத்து.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை.
"எது வட்டியில் குட்டி போடுகிறதோ
அதன் கழுத்தை முதலில் பிடி" என்றாள் கூடவே விரிப்பு மடிக்கும் நெல்தா,
இதுவரை ஒரு கணக்கும் எழுதிப் பார்க்காதவள்.
சொன்னது சரிதான்.
நான் சின்னதை முதலில் முடித்தேன்,
மருந்துக்கடை அட்டை.
அதைக் கத்தரித்த பகல் நன்றாகத் தூங்கினேன்.
தூக்கத்துக்கு என்ன வட்டி விகிதம்
என்று நெல்தாவுக்கும் தெரியவில்லை.

மாலையில் மலையிலிருந்து படியில் இறங்குவேன்,
முந்நூற்றுப் பதினொன்று.
காலையில் ஏறும்போது மட்டும்
கம்பிவடம் இழுக்கும் பெட்டியில், நூறு பெசோ.
முழங்கால் வலித்த வாரம் இரண்டு பக்கமும் பெட்டிதான்.
அதையும் எழுதினேன், ஒளிக்காமல்.

முப்பத்தாறாவது கட்டிய அன்று
கவுண்டர்ப் பையன் எழுந்தே நின்றுவிட்டான்.
"வாழ்த்துகள் சென்யோரா,
உங்கள் கடன் வரம்பு இரட்டிப்பாகிவிட்டது."
பிறந்த நாய்க்குட்டியைக் காட்டுவதுபோல்
ஒரு புது அட்டையை நீட்டினான்.
என் பெயர் புடைத்து நின்றது: எதெல்மிரா கார்காமோ.
தடவிப் பார்த்தேன். பொய் சொல்வானேன்,
இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.
பிறகு கத்தரி இருக்கிறதா என்று கேட்டேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி
கால்கள் தாமாகவே அந்தக் கடைக்குப் போய்
வரிசையில் நின்றன.
முன்னால் நாலு பேர். கைக்குள்
எண்ணி மடித்த அதே பணம்.
என் முறை வந்தபோது
கட்ட ஒன்றுமில்லை.

தெருவைத் தாண்டினால் வங்கி.
வீட்டுக்கான சேமிப்புப் புத்தகம் ஒன்று திறந்தேன்,
விலைவாசி ஏறினால் கூடவே ஏறுமாம்.
அதே தொகை. அதே தேதி.
யார் கணக்கில் என்று படிவம் கேட்டது.
என் பெயரை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது,
யாரோ ஒருத்திக்கு லஞ்சம் கொடுப்பதுபோல்.

ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கவில்லை நான்.
அது முப்பத்தேழு. இந்த மாதம் நாற்பத்தெட்டு.
வீடு இன்னும் எங்கேயோ இருக்கிறது.
இப்போதைக்கு ஒரு கதவு வாங்கலாம்,
நல்ல கதவாக, பூட்டோடு.

நேற்று தங்கை ஓர்தென்சியா வந்தாள்.
பையனுக்குப் பல் கட்ட வேண்டும்.
கையில் ஒரு சீட்டு, பெரிய எழுத்தில் சின்ன எண்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
அடியில் இருந்ததை உரக்கப் படித்தேன்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்,
துறைமுகத்தில் ஏதோ கப்பல் இருப்பதுபோல்.

கதவில் பாதியைக் கொடுத்தேன்.
நோட்டில் எழுதினேன்,
பென்சிலால்.