வாயில் நின்ற வைக்கோல்

"என் குதிரை சுருட்டுப் பிடிக்கிறது" என்றாராம்
பேனோ ஷோல்ட்டா, முதல் நாள், கால்நடை மருத்துவரிடம்.
வேடிக்கையாகத்தான்.
கடைவாயில் ஒரு கற்றை வைக்கோல்,
பாதி உள்ளே, பாதி வெளியே. தாடை அசையவில்லை.
மெல்லத் தொடங்கியிருந்தது;
எதற்கு மெல்கிறோம் என்பது மறந்துபோயிற்று.

ஈஸ்டர் ஞாயிறன்று நெற்றிப் பட்டையில் சோழி,
வாலில் வெள்ளை நாடா.
கிரோஸ்ட்விட்ஸிலிருந்து பாடிக்கொண்டே போன ஊர்வலத்தில்
தலை நிமிர்த்தி நடந்த ஹெர்த்தா
மூன்று வாரம் கழித்து
லாயத்துச் சுவரில் நெற்றியை அழுத்தி நின்றது,
தான் விலகினால் சுவர் விழுந்துவிடும் என்பதுபோல.

இப்போது அதன் மூளை லைப்சிக்கில், என் மேசையில்.
ஒரு மயிரை இருபதாய்ப் பிளந்த கனம்.
கண்ணாடிச் சில்லில் ஊதா, இளஞ்சிவப்பு.

வைரஸ் இருக்கிறது. மறைக்கவுமில்லை.
நரம்புச் செல்லின் உட்கருவுக்குள்
ஒரு சிவப்புப் பொட்டு.
சத்தம் போடாத குடித்தனம்.
சுவரில் ஆணிகூட அடிக்கவில்லை.

உடைத்தவர்கள் இதோ:
இரத்தக் குழாயைச் சுற்றி மூன்று வரிசை, நான்கு வரிசை,
கரிய உட்கருக்கள் தோளோடு தோள் உரச
டி செல்கள்.
ஹெர்த்தாவின் சொந்தப் பிள்ளைகள்.
தன்னது எது, அந்நியம் எது என்று
நெஞ்சுக்கூட்டுக்குள் படித்துத் தேறியவர்கள்.
செல்லின் வாசலில் ஓர் அந்நியத் துணுக்கு தெரிந்தது;
அவ்வளவுதான்.
குடியிருந்தவனோடு சேர்த்து வீட்டையும் முடித்துவிட்டார்கள்.
வீட்டுக்கு வீடு.
மெல்லுதல் இருந்த தெருவும் அதில் போயிற்று.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள்.
இங்கே எலிகூட இல்லை, மூஞ்சூறு.
தீவனத் தொட்டிக்கு அடியில், வெள்ளைப் பல்,
மேலே சாம்பல், வயிறு வெளுப்பு.
அதன் மூளையிலும் இதே பொட்டு; எச்சிலில், மூத்திரத்தில்
ஆயுள் முழுக்க இதே வைரஸ்.
அதன் காவலாட்கள் பார்த்தும் கடந்துபோகிறார்கள்,
ஏனென்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.
அது கொழுத்து, குட்டி போட்டு,
வைக்கோலை நனைத்துவிட்டு ஓடுகிறது.
குதிரை குனிந்து முகர்கிறது.
மூக்கிலிருந்து மூளைக்கு
நரம்பு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது.

ஷோல்ட்டா போன் செய்தார்.
குதிரையிடம் சோர்பிய மொழி பேசுகிறவர்,
என்னிடம் நிறுத்தி நிறுத்தி ஜெர்மன்.
"வைரஸ்தான் கொன்றதா?"
ஆம் என்றேன். பிறகு, இல்லை என்றேன்.
பிறகு, தெருவையும் வாசலையும் விட்டுவிட்டு
உள்ளது உள்ளபடி சொன்னேன்.
அந்தப் பக்கம் வாளி ஒன்று கீழே வைக்கப்பட்டது.
"அப்படியானால் நன்றாகச் சண்டை போட்டிருக்கிறாள்"
என்றார்.

திருத்த வாய் எடுத்தேன்.
பக்கத்துக் கொட்டடியில் இன்னொரு குதிரை
செருமுவது கேட்டது.
மூஞ்சூற்றுக்குப் பூனை வளர்க்கலாமா என்று கேட்டார்.
பூனைக்கும் வரலாம் என்றேன், அபூர்வமாக.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
ஒரே ஒரு வரி இடம்.
வைரஸின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன்.

தலை வந்து இறங்கிய அன்று பல்லிடுக்கில்
நான்கு வைக்கோல் துரும்பு இருந்தது.
இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தேன்.
ஒன்றிலும் பல் படவில்லை.