புதன்கிழமை, திங்கள்சந்தை

திங்கள்சந்தையில் அன்று புதன்கிழமை.
எனக்கு வார ஓய்வு.
டிக்கெட் பை இல்லாத தோள்
ஒரு பக்கமாய் மிதந்தது.

எமல்டாவின் ஆக்கர்கடையில்
நெளிந்த பிஸ்கட் டின்னுக்குள்
பூட்டை இழந்த சாவிகள், சைக்கிள் பேரிங்,
யார் வாயிலிருந்தோ வந்த பாதிப் பல்செட்,
எல்லாவற்றுக்கும் அடியில்
கண்ணாடி கீறிய ஒரு கைக்கடிகாரம்.

வாரில்லை. வலைநூலை முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.
கறுப்பாய் இருந்திருக்க வேண்டிய முகம்
வெயிலில் காய்ந்து காய்ந்து
கருப்பட்டிப் பாகின் நிறத்துக்கு வந்திருந்தது.
தெரியாதவன் அதைக் கெட்டுப்போச்சு என்பான்.
தெரிந்தவன்
அந்த நிறத்துக்காகத் தூக்கம் விடுவான்.

நான் தெரிந்தவன்.
கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன்.
இன்னொன்று எங்காவது
குளச்சலிலோ முட்டத்திலோ
யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும்.

எடுத்தேன், உடனே வைத்தேன்.
ஒரு குழாய் மூடியை விலை கேட்டேன்.
துருப்பிடித்த திருப்புளியை விலை கேட்டேன்.
பிறகு, போகிற போக்கில்,
இது?

"ஓடாது" என்றாள் எமல்டா
இரும்பு எடை போட்டபடி.
"ஓடாதுதான்" என்றேன்.
இரண்டு பேரும் உண்மை பேசிய இடம்
அது ஒன்றுதான்.

"முந்நூத்தம்பது."
"ஓடாத சாமானுக்கா?"
கேட்டது வாய்.
அதற்குள் கை
நோட்டை எண்ணி முடித்திருந்தது.

பரசேரி வேகத்தடையில்
பஸ் தூக்கிப் போட்டபோது
சட்டைப்பைக்குள் எதுவோ இருமியது.
வினாடி முள் நகர்ந்தது, நின்றது,
தோட்டியோட்டுப் பள்ளத்தில் மறுபடி நகர்ந்தது.
பார்வதிபுரம் வரைக்கும்
குண்டும் குழியும் அதற்குச் சாவி கொடுத்தன.
பதினெட்டு வருஷ சர்வீஸில்
ரோட்டைத் திட்டாமல் நான் வந்த ஒரே பயணம்.

படத்தைப் பார்த்துவிட்டு
எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் போன் செய்தார்.
எண்பதாயிரம் என்றார்.
கொஞ்சம் கூட்டலாம் என்றார்.

ராத்திரி முதுகுமூடியைத் திறந்தேன்.
உள்பக்கம் ஊசியால் கீறிய எழுத்துகள்,
பழுது பார்த்தவர்கள் தமக்கென்று இட்ட குறிப்பு.
71 ஆவணி.
84, எண்ணெய்.
அப்புறம் வேறு கையெழுத்தில்,
கோணலாய்,
கடலில் விழுந்தது. பணம் வாங்கல.

லென்ஸைக் கழற்றிவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த புதன் மறுபடி போனேன்.
சட்டைப்பையில் நாலு ஐந்நூறு, மடித்து.
என்ன சொல்லிக் கொடுப்பதென்று
இரணியல் தாண்டும்வரை ஒத்திகை.

எமல்டா தராசிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"கண்டக்டரே, அண்ணைக்கு அத எடுக்கும்போ
ஒமக்கு கை நடுங்கிச்சு பாத்துக்கிடும்.
அதான் அம்பது கூட்டிச் சொன்னேன்.
பொறவு ஒறக்கம் வரல."

கல்லாவிலிருந்து
ஐம்பது ரூபாயை உருவி நீட்டினாள்.

எத்தனை ஊர்ச்சனத்துக்கு
சில்லறை பாக்கி வைத்து இறக்கிவிட்டவன் நான்.
அந்த ஐம்பதை
வாங்கிக்கொண்டேன்.

கடிகாரம் ஓடுகிறது.
நாளொன்றுக்கு நாலு நிமிஷம்
முந்திக்கொண்டு போகிறது.
திருத்த இன்னும் திறக்கவில்லை.